‘ஹெல்த் டிரிங்க்’னு சட்டத்துல ஒன்னு இருக்கா?

ஸ்ரீமுஷ்ணத்துல பூவராகர் கோயில் பக்கம் ஒரு மளிகைக் கடைக்குப் போய், ‘புள்ளைக்குச் சத்தா ஏதாவது குடுங்கண்ணே’ன்னு கேளுங்க. யோசிக்காம ஒரு மால்ட் பவுடர் பாட்டிலை எடுத்து வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாமளும் அந்த விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்தவங்கதான்.

ஆனா 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல ‘ஹெல்த் டிரிங்க்’னு ஒரு வகையே கிடையாது!

2023 ஏப்ரல்ல ரேவந்த் ஹிமத்சிங்கா, போர்ன்விட்டாவுல இருக்கிற சர்க்கரை பத்தி வீடியோ போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, வீடியோவை எடுத்துட்டார். அதுக்குள்ள அது ஊரெல்லாம் பரவிடுச்சு. தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் கம்பெனிகிட்ட விளக்கம் கேட்டது. 2024 ஏப்ரல் 10-ஆம் தேதி மத்திய வணிக அமைச்சகம், இந்த மாதிரி பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவுலேர்ந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. ஹார்லிக்ஸும் அந்தப் பேரை விட்டுட்டு ‘ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்’ ஆயிடுச்சு. (யாருக்குப் புரியும்னு கேக்காதீங்க.)

கவனிங்க, அந்த உத்தரவு மாத்தச் சொன்னது பேரை மட்டும்தான், அதுவும் ஆன்லைன்ல. மளிகைக் கடை அலமாரியில பிரிவுக்குப் பேரே கிடையாதே!

அதனால பாட்டிலைத் திருப்புங்க. பின்னாடி பொடி எழுத்துல, 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை சேர்த்திருக்காங்கன்னு போட்டிருக்கும். 33-ன்னு இருந்தா, மூணு ஸ்பூன் பவுடர்ல ஒரு ஸ்பூன் சர்க்கரைதான். அதுக்கு மேல நம்ம வீட்ல ஒரு ஸ்பூன் சீனி வேற போடுவோம்.