விட்டு விட்டு எரியும் விளக்கு: 2,750 ரூபாயா, 75,000 ரூபாயா?

ஸ்விஃப்ட் டீசல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2007 ஜனவரியில். மாருதி டீசல் கார்களையே நிறுத்தியது 2020 ஏப்ரலில். இடைப்பட்ட 13 ஆண்டும் ஸ்விஃப்டின் பானட்டுக்குள் ஓடியது ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின். வயதான இந்த வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கு இரண்டு நாள் எரியும், நாலு நாள் காணாமல் போகும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் எரியவே எரியாது. பழுதை அளந்து பார்க்க என்ன செலவு, அளக்காமல் பாகம் மாற்ற என்ன செலவு என்பதுதான் இங்கே கணக்கு. விலைகள் தோராயமானவை, ஊருக்கு ஊர் மாறும்.

விளக்கின் கணக்கு

- பழுது மறுபடி தலைகாட்டாமல் தொடர்ந்து 3 ஓட்டம் போனால் விளக்கு தானே அணையும்.
- எரர் கோடு அழிய 40 வார்ம்-அப் ஆகும்.
- ஸ்டார்ட் செய்தபின் கூலன்ட் 22 டிகிரி ஏறி, 70 டிகிரியைத் தொட்டால்தான் ஒரு வார்ம்-அப்.

தினம் இரண்டு வார்ம்-அப் என்றால், விளக்கு அணைந்தாலும் தடயம் சுமார் 20 நாள் உள்ளேயே இருக்கும். கூடவே, பழுது பதிவான நேரத்து ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு எல்லாம் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பெயரில் பதிவாகியிருக்கும். படித்துக் குறித்துக்கொள்வதற்கு முன் கோடை ‘கிளியர்’ செய்தால் அத்தனையும் போச்சு. பல வண்டிகளில் பேட்டரி வயரைக் கழற்றினாலும் அதே கதிதான்.

அளக்கும் செலவு

- புளூடூத் ஓபிடி அடாப்டர் (எரர் கோடை மொபைலில் படிக்க): ₹1,000
- மல்டிமீட்டர்: ₹500
- கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே: ₹350
- டீசல் ஃபில்டர்: ₹900
- மொத்தம்: ₹2,750

அடாப்டரைச் செருக வேண்டியது ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில். பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 கட்டாயமானது.

முதலில் பேட்டரி. வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பொய்க் கோடுகள் வரலாம்.

அடுத்து ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம். இந்த இன்ஜினில் அது 1,600 பார் வரை போகும். 0 முதல் 1,800 பார் வரை அளக்கும் சென்சார் ஒன்று, அதை 0.5 முதல் 4.5 வோல்ட்டாகச் சொல்கிறது என்று கொள்வோம். 1 வோல்ட்டுக்கு 450 பார். சிக்னலில் 0.1 வோல்ட் பிசகினாலே 45 பார் தப்பு. கப்ளரின் பின் மேல் படிந்த பச்சைக் களிம்புக்கு இந்தப் பிசகு பெரிய வேலையில்லை.

பி0087 என்ற கோடு வந்தால் ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று பொருள். அதிக ஆர்பிஎம்மில், மேடு ஏறும்போது பதிவாகியிருந்தால் முதல் சந்தேகம் டீசல் ஃபில்டர் மேல். பி0192, பி0193, பி0194 வந்தால் சென்சார் அல்லது அதன் வயரிங். ஐடிலில் விட்டு, மொபைலில் ரெயில் அழுத்தத்தைப் பார்த்தபடி, பெல்ட்டில் கை படாமல் சென்சார் வயரை மெல்ல அசைக்க வேண்டும். சுமார் 300 பாரில் நிற்கும் எண் சட்டென்று உச்சிக்கோ பூஜ்யத்துக்கோ தாவினால் கோளாறு வயரில், டீசலில் இல்லை. ஆனால் இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பை மட்டும் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

ஊகத்தின் செலவு

- இன்ஜெக்டர் 4 × ₹12,000: ₹48,000
- ஹை பிரஷர் பம்ப்: ₹27,000
- மொத்தம்: ₹75,000

அளக்கும் செலவைப்போல் சுமார் 27 மடங்கு. இன்ஜெக்டர் மேல் உண்மையிலேயே சந்தேகம் வந்தாலும் நாலையும் மாற்ற வேண்டியதில்லை. நாலின் ரிட்டர்ன் டியூபையும் நாலு சின்ன பாட்டிலில் விட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டினால், எதில் டீசல் மற்றதைவிட வெகுவாக ஏறுகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் ஆள். ஒன்றை மாற்றினால் ₹12,000, மிச்சம் ₹36,000.

எதை மாற்றினாலும், விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பி பில்லைக் கட்டாதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டிய அதே ஆர்பிஎம், அதே சூட்டில் ஓட்டிப் பார்த்து, இன்னும் உறுதியாகாத கோடுகளின் ‘பெண்டிங்’ பட்டியலும் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.