நின்றபடியே மாட்டுக்கு வயிற்று ஆபரேஷன்

ஆணி, கம்பித் துண்டு விழுங்கிய மாட்டுக்கும், கன்று வெளிவராமல் தவிக்கும் மாட்டுக்கும் சில சமயம் வயிற்றைத் திறந்துதான் ஆகவேண்டும். மாடு விழித்து நிற்கும்போதே டாக்டர் கத்தியை எடுப்பதைக் கண்டு விவசாயிகள் பதறுகிறார்கள். முழு மயக்கம் கொடுக்கும்படி வற்புறுத்துவோரும் உண்டு. இது மாட்டுக்கே ஆபத்தாக முடியக்கூடிய இரக்கம்.

பெரிய மாட்டின் பெருவயிற்றில் 100 லிட்டருக்கும் மேல் தீனியும் நீரும் கிடக்கும். அதில் ஓயாமல் வாயு உண்டாகும். நிற்கும் மாடு ஏப்பம் விட்டு அதை வெளியேற்றிவிடுகிறது. மயங்கிப் படுத்தால் ஏப்பம் நின்று, வயிறு உப்பி, மூச்சு முட்டும். தீனி மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கினால் பிழைப்பது கடினம். எனவே வயிற்றுப்புறத்தை மட்டும் லிக்னோகெயின் மருந்தால் மரக்கச் செய்கிறார்கள்.

வெட்டும் கோட்டிலேயே வரிசையாக ஊசி போடுவது எளிய முறை. ஆனால் அங்கே மருந்து தேங்கிச் சதை வீங்கும். புண் ஆறத் தாமதமாகலாம். உட்சவ்வு சரியாக மரக்காமலும் போகலாம். கடைசி விலாவின் பின்புறமாகவும் முதுகெலும்பின் ஓரமாகவும் வேலி கட்டினாற்போல் போடுவது இன்னொரு முறை. வெட்டும் இடத்தில் மருந்து சேராது. ஆனால் மருந்து அதிகம் செலவாகும்.

முதுகெலும்பிலிருந்து வயிற்றுக்கு வரும் நரம்புகளின் அடியிலேயே மருந்தைச் செலுத்துவது இவை இரண்டையும்விட மேல். குறைந்த மருந்தில் தோல் முதல் உட்சவ்வு வரை மரத்துவிடும். பலித்தால் அந்தப் பக்கத்துத் தோல் சூடேறும். முதுகு அப்பக்கமாக வில்போல் புடைக்கும். ஆனால் தேர்ந்த கை வேண்டும். கொழுத்த மாட்டில் இடம் பிடிபடாது. மருந்து பின்னால் பரவினால் கால் தளர்ந்து மாடு விழவும் கூடும்.

வால் அடியில் போடும் ஊசி முக்குவதை நிறுத்துமே தவிர, விலாப்புறத்தை மரக்கச் செய்யாது. முரட்டு மாட்டை அடக்க ஸைலசின் உண்டு. குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். நிறைசினையில் இது கருப்பையைச் சுருங்கச் செய்யுமாதலால், சினை எத்தனை மாதம் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருந்து பிடிக்கக் கால் மணி நேரம் வரை ஆகும். அதற்குள் அவசரப்படுத்தக் கூடாது. ஊசியால் குத்திப் பார்த்து, மாடு அசையாதிருந்த பின்பே வெட்டுவார்கள்.

வெள்ளாட்டின் விஷயம் வேறு. லிக்னோகெயின் சற்று மிஞ்சினாலும் அதற்கு வலிப்பு வரும். 20 கிலோ ஆட்டுக்கு, 2 சத மருந்தில் 5 மில்லிக்குள் அடக்குவது நல்லது. அதையும் காய்ச்சி வடித்த ஊசி நீரில் கலந்து நீர்க்கச் செய்தே போடுகிறார்கள்.