எடை குறைந்த மிதிவண்டி விரைந்தோடுமா?

எடை குறைந்த மிதிவண்டி விரைந்தோடும் என்பது பலர் கொள்கை. எங்கள் தோட்டத்துத் தந்தை ஒருவர், பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் தம் மகனுக்குக் கடன்பட்டேனும் அத்தகைய சைக்கிள் வாங்கித் தர விரும்பினார். "வாங்கலாமா, சார்?" என்று என்னைக் கேட்டார். அக்கொள்கை எவ்வளவு உண்மை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தில் ஜெரமி குரோவ்ஸ் என்னும் மருத்துவர் 2010-ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தார். அவரிடம் இரு வண்டிகள் இருந்தன. ஒன்று, 50 பவுண்டு விலைக்கு வாங்கிய பழைய எஃகு வண்டி, எடை 13.5 கிலோ. மற்றொன்று, 1,000 பவுண்டு விலையுள்ள கார்பன் இழை வண்டி, எடை 9.5 கிலோ. மருத்துவமனைக்குப் போய்வர 43 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எதில் செல்வது என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தார். எஃகு வண்டியில் 30 நாளும் மற்றதில் 26 நாளும் சென்றார். இரண்டிலும் சராசரி நேரம் ஏறத்தாழ 1 மணி 48 நிமிடமே! அரை நிமிட வேறுபாடு இருந்தது. அதுவும் தற்செயலாய் நேரக்கூடிய அளவினதே.

காரணம் யாது? சமதரையில் விரைந்து செல்வோனைப் பெரிதும் தடுப்பது காற்று. வேகம் இருமடங்கானால் அத்தடை நான்மடங்காகும். அது உடலின் பருமனையும் அமரும் நிலையையும் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று.

மேட்டில் எடை தடையாவது மெய்யே. ஆயினும் மேடேறுவது வண்டி மட்டுமன்று. ஏறியிருப்பவனும் சேர்ந்தே ஏறுகிறான். அவன் 70 கிலோ எனின், மொத்தம் 83.5 கிலோ. அதில் 4 கிலோ குறைவது நூற்றுக்கு ஐந்துக்கும் உட்பட்டது. இருபது நிமிட ஏற்றத்தில் ஒரு நிமிடம் மிஞ்சலாம். பந்தய வீரர்க்கு அந்நிமிடம் பெரிது. அதனாலன்றோ உலக மிதிவண்டிச் சங்கம் பந்தய வண்டிக்கு 6.8 கிலோ என்னும் கீழெல்லை வகுத்துள்ளது!

ஆசிரியர்கள் நாணயம் சுண்டியதை மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் வேண்டும். உற்சாகமான நாளில் புதியதையும் சோர்ந்த நாளில் பழையதையும் எடுத்திருந்தால் முடிவு பிழைபட்டிருக்கும். விருப்பம் சோதனைக்குள் நுழையாமற் காப்பதே அறிவியல் முறை. நிற்க, இஃது ஒருவர் ஒரு பாதையில் செய்த சோதனையே என்பதையும் கூறுதல் நேர்மை.

அத்தந்தைக்கு நான் கூறியது இது: "பழைய சைக்கிளின் டயருக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெயிடுங்கள், பிரேக்கைச் சரிபாருங்கள். கடன் வேண்டாம்." சங்கிலிக்கு எண்ணெயிட்டவன் அம்மகனே.