வாழைப்பழத் தோல் எங்கே போகும்?

பிள்ளைகளே, "இந்த வாழைப்பழத் தோலை எங்க போடுறது?" என்று அம்மம்மா கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கறுப்புத் தொட்டியில் போட்டால், அது குப்பை லொறியில் ஏறும். ரொறன்ரோவின் குப்பை 'கிரீன் லேன்' என்ற இடத்துக்குப் போகிறது. அது லண்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்து லண்டன் இல்லை, எங்கட ஒன்ராறியோ லண்டன்! ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரம். அங்கே குப்பைக்கு அடியில், காற்றுப் படாமல் தோல் அழுகும். அப்போது மீதேன் என்ற வாயு வரும். அது வெளியே கசிந்தால் பூமி சூடாகும்.

பச்சைத் தொட்டியில் போட்டால், தோல் நகரசபையின் வேறொரு நிலையத்துக்குப் போகும். அங்கே பெரிய மூடிய தாங்கிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தோலைத் தின்னும். அப்போதும் மீதேன் வரும். ஆனால் அதைப் பிடித்து, சுத்தமாக்கி, எரிபொருளாக்கலாம். மிச்சம் பசளையாகும்.

தோல் ஒன்றுதான். தொட்டிதான் வேறு!

வெக்ஸ்போர்ட்டில் பலர் மாடிக் கட்டடங்களில் இருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி எறிவது சுகம்தான். ஆனாலும் உங்கள் கட்டடத்தில் பச்சைத் தொட்டி எங்கே என்று கேளுங்கள். தேயிலைச் சக்கை, மீன் முள்ளு, கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் அதில் போடலாம். தனி வீடா? மூடியைப் பூட்ட மறக்காதீங்கோ, ரக்கூன் பார்த்துக்கொண்டிருக்கும்!

அதைவிட நல்லது, வேண்டிய அளவு சோறு மட்டும் போட்டுச் சாப்பிடுவது. மிஞ்சாத சோற்றுக்குத் தொட்டியே தேவையில்லை.

இப்போது அம்மம்மாவுக்குப் பதில் சொல்லுங்கள்: "பச்சைத் தொட்டியில போடுங்கோ, அம்மம்மா!"