118-ஐ எட்டும் வழி

தமிழ்நாடு சட்டமன்றத்தில் இடங்கள் 234. அறுதிப் பெரும்பான்மைக்கு 118 வேண்டும். தொகுதியில் முதலிடம் பிடிப்பவரே வெற்றியாளர் என்பதால், பாதிக்கு மேல் வாக்கு வாங்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆகவே ஒரு கட்சியின் வாய்ப்பைத் தீர்மானிப்பவை இரண்டு: எதிர் வாக்குகள் எத்தனை பக்கம் சிதறுகின்றன, தொகுதிப் பங்கீட்டில் எத்தனை இடங்கள் கைக்கு வருகின்றன.

1967-இல் காங்கிரஸ் 41.10 சதவீத வாக்கு பெற்றது. திமுக பெற்றது 40.69. ஆனால் 174 இடங்களில் மட்டும் நின்ற திமுக 137-ஐ வென்றது. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நின்ற காங்கிரஸ் ஐம்பதை ஒட்டி நின்றுவிட்டது. சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் எனப் பலரையும் சேர்த்த திமுக கூட்டணி, காங்கிரஸ் எதிர் வாக்குகளைச் சிதறவிடவில்லை. 1989-இல் நிலைமை தலைகீழ். அதிமுக இரண்டாகப் பிளந்து, காங்கிரஸும் தனியே நின்ற நான்குமுனைப் போட்டியில், சுமார் 33 சதவீத வாக்கே திமுகவுக்கு 150 இடங்களைத் தந்தது.

பங்கீட்டின் விலை 2006-இல் தெரிந்தது. தோழமைக் கட்சிகளுக்கு நூற்றுக்கு மேல் விட்டுக்கொடுத்து 132 இடங்களில் நின்ற திமுக, தனிப் பெரும்பான்மை பெற 14 தோல்விகளுக்கு மேல் தாங்கியிருக்க முடியாது. கிடைத்தது 96; காங்கிரஸின் வெளி ஆதரவுடன் ஐந்தாண்டு ஆட்சி நடந்தது. அதன்பின் சிறு கட்சிகளைத் தன் சின்னத்திலேயே நிறுத்துவது பெரிய கட்சிக்கு வசதியான வழியாயிற்று. 2021-இல் உதயசூரியன் சின்னத்தில் வென்ற 133 பேரில் தோழமைக் கட்சியினரும் உண்டு.

இந்தக் கணக்கில் அடிபடுவது மூன்றாம் அணிக்கு விழும் வாக்கு. 2006-இல் தேமுதிக 8 சதவீதத்துக்கு மேல் பெற்றும் வென்றது ஓரிடம். 2016-இல் பாமக 5 சதவீதம் தாண்டியும், 2021-இல் நாம் தமிழர் கட்சி 6 சதவீதம் தாண்டியும் ஓரிடமும் பெறவில்லை. இந்தத் தேர்தல் முறை நிலையான ஆட்சியைத் தருகிறது என்பது அதை ஆதரிப்போர் வாதம். ஆனால் மாநிலம் முழுதும் பரவிக் கிடக்கும் லட்சக்கணக்கான வாக்குகளுக்குச் சட்டமன்றத்தில் ஒரு நாற்காலிகூட இல்லாமல் போவதற்கு அதில் பதில் இல்லை.

எனவே, ஒரு கட்சிக்கு எத்தனை சதவீதம் என்று மட்டும் சொல்லும் கருத்துக்கணிப்பு பாதிக் கணிப்பே. அந்தக் கட்சி எத்தனை இடங்களில் நிற்கிறது, அங்கே எத்தனை முனைப் போட்டி என்று தெரிந்த பிறகே 118-ஐப் பற்றிப் பேச முடியும்.