உஷார்! முதலில் நீதிபதியைத்தான் தூக்குவார்கள்

ஓட்டு வாங்கி, ஜெயித்து வந்தவர்தானே, அவரால் ஜனநாயகத்துக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் எல் சால்வடோரைப் பாருங்கள்.

2020 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அதிபர் நயீப் புக்கேலே நாடாளுமன்றத்துக்குள் நுழைகிறார், துப்பாக்கி ஏந்திய ராணுவத்தினரோடு. பாதுகாப்புப் படைகளுக்காகக் கேட்ட 10.9 கோடி டாலர் கடனுக்குச் சபை ஒப்புதல் தரவில்லை என்று கோபம். நேராகப் போய்ச் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரு கைகளாலும் முகத்தை மூடிப் பிரார்த்தனை செய்தார். வெளியே வந்து, பொறுமையாக இருக்கும்படி கடவுள் சொன்னதாகக் கூட்டத்திடம் சொன்னார்.

அன்றைக்கே ஊர் விழித்திருக்க வேண்டும். மறு ஆண்டு, 84 இடங்களில் 56-ஐ அவர் கட்சிக்கே அள்ளிக் கொடுத்தார்கள்.

2021 மே 1, புதிய சபையின் முதல் நாள். முதல் வேலையாக உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசனப் பிரிவு நீதிபதிகள் ஐந்து பேரையும் நீக்கினார்கள். அதே கையோடு அரசின் தலைமை வழக்கறிஞரையும். நான்கே மாதத்தில், புதிதாக உட்காரவைக்கப்பட்ட நீதிபதிகள், அதிபர் அடுத்த தேர்தலிலும் நிற்கலாம் என்று தீர்ப்பு எழுதினார்கள். அரசியல் சாசனம் தடுத்திருந்த காரியம் அது!

அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரவுடிக் கும்பலுக்கு மாமூல் கட்டாமல் ஒரு சின்னக் கடைகூட நடத்த முடியாமல் தவித்தவர்கள். 2015-ல் மட்டும் 6,000-க்கும் மேல் கொலைகள். இன்று நிம்மதியாகத் தெருவில் நடக்கிறார்கள், உண்மைதான். என் பயமே அங்கேதான். நல்லது நடக்கிற நேரத்தில் கேள்வி கேட்கிறவனை யாருக்கும் பிடிப்பதில்லை.

அந்தக் கும்பல்களை ஒடுக்க 2022 மார்ச்சில் 30 நாளுக்கென்று வந்த நெருக்கடி நிலையை மாதாமாதம் நீட்டினார்கள். 80,000 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். ஆயிரக்கணக்கானோரை, குற்றமற்றவர்கள் என்று அரசே பிறகு வெளியே விட்டது. பிள்ளையைப் போலீஸ் கூட்டிப்போனால் ஒரு தாய் யாரிடம் போய் முறையிடுவாள்? நீதிமன்றத்தில்தான் அதற்கு முன்பே ஆள் மாற்றியாயிற்றே.

எந்த நாடாக இருந்தாலும் சரி, 'மக்கள் என் பக்கம், குறுக்கே நிற்கும் நீதிபதியும் நிருபரும் மக்கள் விரோதிகள்' என்று ஒரு தலைவர் பேச ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். நீதிபதி மாற்றம், தேர்தல் அதிகாரி மாற்றம், தணிக்கையாளர் மாற்றம் எல்லாம் உள்பக்கத்துச் சின்னச் செய்தியாகத்தான் வரும். அவர் உங்களுக்குப் பிடித்த தலைவராகவே இருந்தாலும், அதை அன்றைக்கே படியுங்கள், அன்றைக்கே கேளுங்கள்.

எல் சால்வடோரில் நாடாளுமன்றத்தின் 84 இடங்களை 60 ஆகக் குறைத்தார்கள். 2025 ஜூலை 31 அன்று, ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்று அந்தச் சபை அரசியல் சாசனத்தையே திருத்தியது. ஆதரவு 57. வேண்டாம் என்று சொல்ல மிச்சமிருந்தது 3 பேர்.