ஏழாம் வகுப்புப் பையனுக்கு டி.சி.

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் திருவொற்றியூர் தேரடிப் பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு காதில் விழும். “பையனுக்கு டி.சி. வாங்கிக்கச் சொல்ட்டாங்கபா.” பெஞ்சை உடைத்திருப்பான், பஸ் படிக்கட்டில் தொங்கியிருப்பான், டீச்சரிடம் எகிறியிருப்பான். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு பள்ளியின் பெயரைச் சொல்லி அங்கே போய்ச் சேர்த்துவிடச் சொல்வார்கள். “எத்தனாவது படிக்கிறான்?” என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். ஏழாவது என்றால் கதையே வேறு. டீயை மெதுவாகக் குடியுங்கள், சொல்கிறேன்.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது அது. சின்னத் தப்பா பெரிய தப்பா, முதல் தடவையா மூன்றாம் தடவையா என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. 2019-இல் அதைத் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைக்கலாம், மறுதேர்விலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்று மாநிலங்களுக்கு வழி விட்டார்கள். தமிழ்நாடு அந்தப் பொதுத்தேர்வை அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. அந்தத் திருத்தத்திலும்கூட ‘நீக்கக் கூடாது’ என்ற பாதியில் கை வைக்கவில்லை.

பள்ளிகளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆகவே நீக்குவதில்லை. நீங்களாகவே பையனை அழைத்துப் போவதாக எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வெள்ளைத்தாள், ‘சொந்தக் காரணங்களுக்காக என் மகனின் மாற்றுச் சான்றிதழை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி, கீழே அம்மாவின் கையெழுத்து. முடிந்தது. பதிவேட்டைப் பார்த்தால் அந்தப் பள்ளியிலிருந்து யாரும் நீக்கப்படவில்லை, ஒரு குடும்பம் பள்ளி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்தத் தண்டனைதான் நம் பக்கத்தில் அதிகம் புழங்குகிறது என்பது என் எண்ணம்.

அம்மா ஏன் கையெழுத்துப் போடுகிறார்? காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர் அவர். பள்ளி அவரைக் கூப்பிடுவதோ காலை ஒன்பது, ஒன்பதரைக்கு. அவருக்கு அதுதான் வியாபார நேரம். ஒருமுறை போனால் ஒரு நாள் மீன் ஐஸ் பெட்டியிலேயே தங்கும். அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர் என்றால் துறைமுக கேட்டுக்கான வரிசையில் எங்கேயோ நிற்பார், எப்போது உள்ளே போவார் என்று அவருக்கே தெரியாது. ‘பெற்றோரை அழைத்து வா’ என்பது பையனுக்குக் கொடுக்கும் தண்டனை என்று பள்ளி நினைக்கிறது. கூலி வெட்டு விழுவது வேறொருவருக்கு. மூன்றாவது, நான்காவது அழைப்பில் அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுவதே சுலபமாகிவிடுகிறது.

அதற்குப் பிறகு பையன் எங்கே போகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டு நடுவில் ஏழாம் வகுப்புப் பையனைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிகள் தயங்கும். மணலிப் பக்கம் லாரி ஷெட் தயங்காது. பதினான்கு வயது நிறையாதவரை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை இறுக்கினார்கள். ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். மாமாவின் படகில் வலை இழுக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் ‘உதவுகிறவன்’ ஆகிவிடுவான். அவன் எந்தப் பள்ளி நேரம் போக உதவுகிறான் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

ஆகவே உங்களிடம் ‘டி.சி. வாங்கிக்கோங்க’ என்று சொன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். சண்டை போடாமல், “சரிங்க சார், பையனை நீக்குறதா ஸ்கூல் பேர்ல ஒரு லெட்டர் குடுங்க” என்று கேளுங்கள். எழுதித் தந்தால் அது 16-ஆம் பிரிவுக்கு எதிரான ஆவணமாகிவிடும் என்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். பெரும்பாலும் பேச்சு அங்கேயே இறங்கி, “இந்த ஒரு தடவை பார்க்கிறேன்” என்று வரும். நீங்களாக எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒருவேளை உண்மையிலேயே பள்ளி மாற்ற விரும்பினால் அது உங்கள் உரிமை, 5-ஆம் பிரிவு அதைத் தருகிறது. டி.சி. வரத் தாமதமாகிறது என்று சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இங்கேதான் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். “அடிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாதுன்னா வாத்தியார் இன்னாதான் பண்ணுவாரு?” நியாயமான கேள்வி. ஆறு முதல் எட்டு வரை முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது அதே சட்டத்தின் கணக்கு. வகுப்பை இரண்டாகப் பிரிக்க ஆள் இல்லாத பள்ளியில், அடுத்த அறையின் சத்தத்தையும் தாண்டிக் கணக்கு நடத்துகிறவரிடம் போய் குழந்தை உளவியல் பேசுவது லேசு. அவர் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இருந்தாலும் பிரம்பு போன கதையைக் கொஞ்சம் பார்க்கலாம், சுவாரசியமானது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கையைக் கயிற்றில் பிணைத்து மேலே தொங்கவிடும் கோதண்டம் உண்டு, காலில் மாட்டும் குட்டிக்கட்டை உண்டு. தாத்தாக்கள் அதை என்னவோ பெருமையாகவே சொல்வார்கள். அதே காலத்தில் இதே மதராஸில் வேறொன்றும் நடந்தது. எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அநாதை இல்லத்தை 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். இங்கே திண்ணைப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையை அமைத்தார். குற்றங்களை ஒரு பதிவேட்டில் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் படித்து, தீர்ப்புச் சொல்ல மாணவர்களையே நடுவர்களாக உட்கார வைத்தார். அடிக்குத் தேவை வெகுவாகக் குறைந்தது என்பது அவர் கட்சி. 1797-இல் லண்டனில் அச்சான அவருடைய அறிக்கை வழியாக உலகம் சுற்றிய அந்த முறைக்கு மதராஸ் முறை என்றே பெயர். இங்கிலாந்தில் அதற்குப் போட்டி முறை நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் பிரம்பை வெறுத்தவர்தான். ஆனால் தப்புச் செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார், மற்ற பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று. கைபடாமலே கொடுக்கும் அடி அது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டதாகத்தான் தோன்றுகிறது. உடல் தண்டனை கூடாது, மனத் துன்புறுத்தலும் கூடாது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2003-இல், கல்வி விதிகளின் 51-ஆம் விதியைத் திருத்தி மாணவருக்கு உடல்வலி, மனவலி எதுவும் தரக் கூடாது என்று எழுதிவிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இன்னும் விளக்கமானவை. முட்டிபோட வைப்பது, பெஞ்சு மேல் ஏற்றுவது, அறையில் பூட்டுவது எல்லாம் அதில் தண்டனைப் பட்டியலில் வருகின்றன. பெற்றோரின் தொழிலையோ சாதியையோ சொல்லிக் கேலி செய்வது மனத் துன்புறுத்தலில் வருகிறது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்ரமணியம் இந்த வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி உத்தரவிட்டார். ராயபுரம், காசிமேடு பிள்ளைகளுக்கு இதில் எது முக்கியம் என்று கேட்டால், ‘மீன் கவிச்சி அடிக்குது, தள்ளி உக்காரு’ என்ற ஒரு வாக்கியம் என்பேன். கணுக்காலில் பட்ட பிரம்படி சாயங்காலம் ஆறிவிடும்.

தலைமுடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலையில் கோடு போட்டுக்கொண்டு வரும் பையன்களைப் பார்த்துப் பதறும் பள்ளிகள் நிறைய. பிரேயர் மைதானத்தில் எல்லோர் எதிரிலும் கத்தரிக்கோலை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். லங்காஸ்டரின் கூடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள், அடுத்த மாதம் முடி வளர்ந்துவிடும்.

இனி ஆசிரியர் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். 2022-இல் மாணவர்கள் ஆசிரியரை மிரட்டுவதும் மேசையை உடைப்பதுமாக வடமாவட்டப் பள்ளிகளிலிருந்து வீடியோக்கள் பரவின. அந்த ஆண்டு மே மாதம் கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி சட்டமன்றத்தில், அப்படி நடப்பவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணம் டி.சி.யிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் எட்டாம் வகுப்புவரை இது செல்லாது என்பதை 16-ஆம் பிரிவைப் படித்த எவரும் சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டு வயதில் ஒருவன் செய்ததை அவன் வேலைக்குப் போகும்வரை கூடவே வரும் தாளில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

அதே ஆண்டு தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் பள்ளிகளுக்கு வந்தன. அவை படிப்படியாகப் போகின்றன. முதல் தப்புக்கு ஆலோசகரை வைத்துப் பேசுவது. அடுத்த தப்புக்கு நீளமான பட்டியல்: குறள்களைப் பொருளோடு எழுதிக் காட்டுவது, வீட்டுப் பெரியவர்களிடம் நீதிக்கதை கேட்டு வந்து வகுப்பில் சொல்வது, செய்தித்தாளிலிருந்து செய்தி சேகரித்துப் படித்துக் காட்டுவது, பள்ளியில் காய்கறித் தோட்டம் போடுவது, ஒரு வாரம் வகுப்புத் தலைவனாக இருப்பது. அதற்கும் மேல் போனால் காவல் நிலையத்தின் குழந்தை நேயக் காவல் அதிகாரியைக் கொண்டு அறிவுரை சொல்லலாம்.

குறளைத் தண்டனையாக்கிய யோசனை யாருடையதோ, அவரை வள்ளுவர் மன்னிக்கட்டும். இம்போசிஷன் எழுதிப் படித்த குறளை எந்தப் பையனும் பிறகு ஆசையாகத் திறக்க மாட்டான். ஆனால் அந்த ‘ஒரு வாரத் தலைவன்’ அபாரமான யோசனை. பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் அவன் கைக்கே போகும்போது, முப்பது பேரை அடக்குவது என்ன பாடு என்று தெரிந்துவிடும். எழும்பூரில் பெல் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

காவல் அதிகாரி என்ற படியில் மட்டும் வடசென்னையில் நிறைய யோசிக்க வேண்டும். சினிமா இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பட்டம் கட்டி வைத்திருக்கிறது. வகுப்பறை வாசலில் காக்கி தெரிந்தால், என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது, யாருக்காக வந்தார்கள் என்பது தெரு முழுக்க நினைவிருக்கும். சிறார் நீதிச் சட்டத்தின் விதிகள் பிள்ளைகளிடம் பேசப்போகும் காவலர் சீருடையில் போகக் கூடாது என்கின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் அதற்கென ஒரு அதிகாரி இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 107-ஆம் பிரிவும் சொல்கிறது. பள்ளி கூப்பிட்டால் அவரைத்தான் கூப்பிட வேண்டும், ரோந்து வண்டியை அல்ல.

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, ராயபுரத்துக்காரர்கள் கவனியுங்கள். உங்கள் பக்கத்தில் திருச்சபைகள் நடத்தும் பள்ளிகள் அதிகம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் பிரமதி வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படிப் பார்த்தால் சிறுபான்மைத் தகுதி பெற்ற பள்ளியில் 16-ஆம் பிரிவைக் காட்டி நிற்க முடியாது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அதற்காக அங்கே அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவதையும் தேவையில்லாத உடல், மன வேதனைக்கு ஆளாக்குவதையும் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது, மூன்றாண்டுவரை சிறை உண்டு. அது எந்த நிர்வாகத்தின் பள்ளி என்று பார்ப்பதில்லை.

மாநகராட்சிப் பள்ளி, தனியார் பள்ளி என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். உள்ளாட்சி அமைப்பு இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு. திருவொற்றியூர் நகராட்சி 2011-இல் சென்னையோடு சேர்ந்துவிட்டதால் அங்கேயும் மாநகராட்சிதான். அடி, மிரட்டல் போன்ற அவசரம் என்றால் 1098-க்குப் பேசுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மூன்று மாதம் என்பது ஏழாம் வகுப்புப் பையனுக்கு அரையாண்டுத் தேர்வே வந்துவிடும் காலம். அதனால் புகார் கொடுத்துவிட்டோம் என்று வீட்டில் உட்கார வைக்காமல், மறுநாள் காலையும் பையைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.